திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மின்கலம்: டார்ச் கட்டையிலிருந்து சைக்கிள் பேட்டரி வரை

ராயபுரத்தில் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை கடலையொட்டி நீளும் வடசென்னைத் தொழில் வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் ரயில், கப்பல், மோட்டார் வண்டி ஆகிய மூன்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதும், 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் உருவானதும், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை எழுந்ததும் பலரும் அறிந்த செய்திகள். இந்த வண்டிகளின் வயிற்றுக்குள்ளும் இருக்கைக்கு அடியிலும் மறைந்திருந்து வேலை செய்த மின்கலத்துக்கு அதே வட்டாரத்தில் நீண்ட வரலாறு உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சைக்கிளில் மோட்டார் பொருத்தி ஓட்ட விரும்பும் ஒருவர், அதற்கான பேட்டரியைத் தாமே கட்டும்போது ஈய-அமில வகையைக் கொள்வதா, லித்தியம் வகையைக் கொள்வதா, லித்தியத்திலும் எதைக் கொள்வது என்று எதிர்கொள்ளும் கேள்வியை அந்த வரலாற்றிலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள இயலாது. ஏனெனில் இவ்வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த மின்கல வகைகளில் மிகப் பலவும் வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டவை. அவற்றைத் தம் தேவைக்கு இழுத்துக்கொண்டவர்கள் சந்தித்த வெற்றியும் விபத்தும் பெரும்பாலும் அந்தப் பொருத்தமின்மையிலிருந்தே பிறந்தன.

மின்கலம் என்பது இருவேறு பொருள்களாலான இரண்டு மின்வாய்களையும் அவற்றுக்கிடையே மின்னூட்டத் துகள்களைக் கடத்தும் மின்பகுளி என்னும் ஊடகத்தையும் கொண்டு, வேதிவினையின் ஆற்றலை மின்சாரமாக மாற்றித் தரும் கருவி ஆகும். 1800இல் வோல்ட்டா இதை உருவாக்கிக் காட்டினார். 1855இல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களை இணைத்த தந்தித் தடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, மின்நிலையம் என்ற ஒன்றே இல்லாத சென்னையில், துத்தநாகமும் செம்பும் அமிழ்ந்த மின்கல வரிசைகளே செய்தியைச் சுமந்து சென்றன. துத்தநாகம் கரைந்து தீர்ந்ததும் அவற்றைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இவ்வாறு ஒருமுறை வினை முடிந்தால் மின்னேற்றம் செய்து மீட்க முடியாதவற்றை முதன்மை மின்கலம் என்றும், எதிர்த்திசையில் மின்சாரம் செலுத்தி மீட்கக்கூடியவற்றை இரண்டாம்நிலை மின்கலம் என்றும் வேதியியலார் வகுப்பர்.

முதன்மை மின்கலம் வடசென்னையின் தொழிலாக வேரூன்றியது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்தான். எவரெடி என்ற பெயரில் உலர் மின்கலம் விற்றுவந்த நேஷனல் கார்பன் நிறுவனம், கல்கத்தாவுக்கு அடுத்ததாகச் சென்னையில் 1950களில் தொழிற்சாலை அமைத்தது. அந்நிறுவனம் 1959இல் யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாறியது. அங்கே உருவான டார்ச் கட்டையின் உள்ளமைப்பு, 1866இல் பிரான்சின் லெக்லான்ஷே கண்ட மின்கலத்தின் வழிவந்தது. துத்தநாகக் குவளையே எதிர்மின்வாய். நடுவில் நிற்கும் கரிக்கோல் நேர்மின்வாயின் மின்சாரத்தை வெளியே கொண்டுவரும். அதைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த கருமை நிறக் கலவை இறுக்கி நிரப்பப்பட்டிருக்கும். அம்மோனியம் குளோரைடு கரைசல் பசையாக்கப்பட்டு மின்பகுளியாக அமைந்திருக்கும். தேய்ந்த கட்டையைப் பிரித்துப் பார்த்த சிறுவர்கள் கைகளில் ஒட்டிய கருமை அந்த மாங்கனீசுக் கலவையே ஆகும். ஒன்றரை வோல்ட் அழுத்தமுள்ள இந்தக் கட்டை, மின்சாரம் எட்டாத ஊர்களின் டார்ச் விளக்கையும், பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் வானொலியையும் இயக்கியது; வண்டியை நகர்த்தும் ஆற்றல் அதற்கு இல்லை. இருப்பினும், கலவை அரைப்பதிலும் துத்தநாகக் குவளை வார்ப்பதிலும் கசிவு தடுப்பதிலும் கைதேர்ந்த ஒரு தொழிலாளர் கூட்டம் இங்கே உருவானதை இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறு உரிய இடம் கொடுத்துப் பதிவு செய்யவில்லை என்பது பெருங்குறை. 1984 டிசம்பரில் போபாலில் நேர்ந்த நச்சுவாயுப் பேரழிவு அந்நிறுவனத்தின் பெயரையே மக்கள் நினைவில் மாற்றிப் பதித்தது. 1990களின் நடுவில் நிறுவனம் கைமாறி எவரெடி என்ற பெயரையே சூடிக்கொண்டது.

இரண்டாம்நிலை மின்கலத்தின் மூத்த வடிவமான ஈய-அமில மின்கலத்தை 1859இல் பிளான்டே உருவாக்கினார். ஈயத் தகடும் ஈய டை ஆக்சைடுத் தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் நின்று இரண்டு வோல்ட் அழுத்தம் தரும். மின்சாரம் வெளியேறும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும், மின்னேற்றம் செய்யும்போது அது கரைந்து பழைய நிலை திரும்பும். 1895இல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம், தரைக்கு அடியில் பதித்த மின்தடத்திலிருந்தும், பிறகு மேல்கம்பியிலிருந்தும் நேரடியாக மின்சாரம் பெற்றதால் அதற்கு மின்கலம் தேவைப்படவில்லை. கம்பியில்லாமல் நகரும் ஊர்தி எதுவாயினும் ஈயத்தைச் சுமந்தே ஆகவேண்டியிருந்தது. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் திறக்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான ரயில் பெட்டிகளின் அடிச்சட்டத்தில், சக்கர அச்சுடன் சுழன்ற மின்னாக்கியும், வண்டி நிலையத்தில் நிற்கும்போது விளக்கையும் மின்விசிறியையும் காத்த ஈய-அமில மின்கலப் பெட்டியும் இடம்பெற்றன. எண்ணூரில் உருவான லாரி, பேருந்து ஆகியவற்றின் டீசல் என்ஜினைச் சுழற்றித் தொடக்குவதற்கு 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெற்றனர்.

திருவொற்றியூரின் என்ஃபீல்டு ஆலையில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிள் மின்கலத்தின் நிலையை ஓட்டுநரின் கண்முன்னே கொண்டுவந்து வைத்தது. அதன் முன்விளக்கு உறையில் பதிக்கப்பட்ட ஆம்ப் மீட்டர், நடுவில் சுழியும் இருபுறமும் அளவுக்கோடுகளும் கொண்டது. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது விளக்கைப் போட்டால் முள் இடப்பக்கம் சாயும்; பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறுகிறது என்பது அதன் பொருள். வேகம் கூட்டினால் முள் நடுவைக் கடந்து வலப்பக்கம் நகரும். அப்போது பேட்டரிக்கு மின்னேற்றம் நடக்கிறது. முள் அசையாமல் நடுவிலேயே கிடந்தால் பேட்டரி நிறைந்திருக்கலாம், கம்பி அறுந்தும் இருக்கலாம் என்று பிரித்தறிவது மெக்கானிக்கின் முதல் பாடமாக இருந்தது. இன்று மின்சைக்கிள் கட்டுபவர் திரையில் காணும் வோல்ட், ஆம்பியர், வாட்-மணி ஆகிய எண்களின் கல்வி இந்த ஒற்றை முள்ளிலிருந்தே தொடங்கியது எனலாம்.

இந்த ஈய-அமில மரபுக்குள் இருந்த ஒரு பாகுபாடுதான் பின்னாளில் வீட்டில் பேட்டரி கட்டியவர்களை மிகவும் ஏமாற்றியது. வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கான பேட்டரியில் மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். பரப்பு மிகுதியாக இருப்பதால் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளித் தரும், அதன் பிறகு வண்டியின் மின்னாக்கி உடனே அதை நிரப்பிவிடும். ஆழமாகக் காலியாக்கி மீண்டும் நிரப்பும் வேலைக்கு அது ஏற்றதன்று; சல்பேட் கெட்டிப்பட்டுக் கரையாமல் போக, தகட்டுப் பூச்சு உதிர்ந்து அடியில் தங்க, சில மாதங்களிலேயே ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்ற முறையீடு வரும். நாள்தோறும் ஆழமாகக் காலியாகும் வேலைக்கென வந்தவை தடித்த தகடும் குழாய்த் தகடும் கொண்ட பேட்டரிகள். கிடங்குகளில் சரக்குத் தூக்கும் மின்வண்டிகளில் அவை இருந்தன, வீடுகளுக்குப் பெருமளவில் வந்தது இன்வெர்ட்டரோடு. 2008 முதல் ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில், இன்வெர்ட்டர் வாங்கிய குடும்பங்கள் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும், முனையில் பூக்கும் வெண்பச்சைப் படிவைத் துடைக்கவும், பேட்டரியைக் காற்றோட்டமான மூலையில் வைக்கவும் பழகிக்கொண்டன. அந்தத் துன்பமான காலம் பல்லாயிரம் வீடுகளுக்கு மின்கலப் பயிற்சியாகவும் அமைந்தது.

இதே காலத்தில்தான் மின்சார ஸ்கூட்டர்களும் மின்சைக்கிள்களும் சென்னைத் தெருக்களில் தென்படலாயின. அம்பத்தூரை இருப்பிடமாகக் கொண்ட டி.ஐ. சைக்கிள்ஸ் பி.எஸ்.ஏ. பெயரில் மின்ஸ்கூட்டர்களை விற்றது. கோவையில் 2008இல் ஆம்பியர் நிறுவனம் தொடங்கப்பட்டது. மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 0.25 கிலோவாட்டுக்கும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள மின்கல ஊர்தியை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் விலக்களித்திருந்ததால், பதிவெண்ணோ ஓட்டுநர் உரிமமோ இன்றி ஓட்டத்தக்க சிறு ஊர்திகளுக்கு இடம் பிறந்தது. சைக்கிளின் சக்கரக் குடத்துக்குள் அடங்கும் 250 வாட் மோட்டாரும் அதற்கான கட்டுப்பாட்டுப் பெட்டியும் தனியாகக் கிடைக்கத் தொடங்கியதும், மீதமிருந்த ஒரே சிக்கல் பேட்டரி மட்டுமே.

அன்றைய எளிய விடை, யு.பி.எஸ். கருவிகளில் உள்ளதைப் போன்ற மூடிய ஈய-அமில பேட்டரிகள் மூன்றைத் தொடராக இணைத்து 36 வோல்ட் பெறுவது. 12 ஆம்பியர்-மணி கொள்திறனுள்ள ஒன்றின் எடை ஏறக்குறைய 4 கிலோ. மூன்றும் சேர்ந்து 12 கிலோ. ஏட்டளவில் 432 வாட்-மணி ஆற்றல் அதில் உண்டு. ஆனால் யு.பி.எஸ். வகையின் கொள்திறன் பொதுவாக இருபது மணி நேரம் மெதுவாகக் காலியாக்கிக் கணக்கிட்டது. ஒரு மணி நேரத்தில் காலியாக்கினால் அதில் ஐந்தில் மூன்று பங்கு கிடைத்தாலே நன்று. ராயபுரத்திலிருந்து எண்ணூர் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டினால் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி என்று வைத்தாலும் போய்வர 300 வாட்-மணி வேண்டும், பேட்டரி தருவதோ 260 அளவே. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில், இருட்டிய பிறகு, 12 கிலோ ஈயத்தைச் சுமந்தபடி மீதித் தொலைவை மிதித்தே கடப்பது எளிதன்று. சுற்றுப்புற வெப்பம் பத்துப் பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுவிதி. அந்த ஆயுளை 25 பாகையில் கணக்கிட்டவர்கள் சென்னையின் மே மாதத்தைக் கருதிக் கணக்கிடவில்லை.

லித்தியம் அயனி மின்கலம் இந்த எடைச் சிக்கலைத் தீர்த்தது. 1980இல் குட்இனஃப் குழுவினர் கண்ட லித்தியம் கோபால்ட் ஆக்சைடு நேர்மின்வாயையும், யோஷினோ வகுத்த கரி எதிர்மின்வாயையும் அடித்தளமாகக் கொண்டு 1991இல் சோனி நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதால் 18650 என எண்ணிடப்பட்ட உருளைச் செல், மடிக்கணினிகளுக்குள் உலகெங்கும் பரவியது. பழுதடைந்த மடிக்கணினிப் பேட்டரியில் பெரும்பாலும் ஓரிரு செல்களே செத்திருக்கும் என்பதை அறிந்தவர்கள், ரிச்சி தெரு, பர்மா பஜார் போன்ற இடங்களில் கிடைத்த பழையவற்றைப் பிரித்து, மீட்டரால் அளந்து, உயிருள்ளவற்றைத் தேர்ந்து அடுக்கலாயினர். கோபால்ட்டின் ஒரு பகுதியை நிக்கலும் மாங்கனீசும் பிடித்துக்கொண்ட புதிய வகைச் செல்களில் 2.5 ஆம்பியர்-மணி கொண்ட நாற்பதை, நான்கு நான்காகப் பக்க இணைப்பிலும் அந்தப் பத்துக் கூட்டங்களைத் தொடர் இணைப்பிலும் அமைத்தால், 36 வோல்ட், 360 வாட்-மணி பேட்டரி இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. ஈயத்தோடு ஒப்பிட இது ஆறில் ஒரு பங்கு எடையே.

எடையில் கிடைத்த இந்த ஆதாயத்துக்கு ஈடாக ஆபத்தும் சேர்ந்தே வந்தது. ஈய-அமில பேட்டரியை அளவுக்கு மீறி மின்னேற்றினால் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவரும், பெட்டி உப்பும். கேடு பெரும்பாலும் அந்த அளவோடு நிற்கும். கோபால்ட், நிக்கல் சேர்ந்த லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் தள்ளினாலோ மிகையாகச் சூடாக்கினாலோ, நேர்மின்வாயின் படிக அமைப்பு குலைந்து ஆக்சிஜனை விடுவிக்கும். மின்பகுளியோ தீப்பற்றும் கரிமக் கரைப்பான். ஆகவே எரிபொருளும் அதை எரிக்கும் வாயுவும் ஒரே உறைக்குள் சேர்ந்துவிடுகின்றன. பழைய பழக்கம் புதிய பொருளில் எவ்வளவு எளிதாக நாசம் விளைவிக்கும் என்பதை ஒரு கணக்கே காட்டும். மூன்று ஈய-அமில பேட்டரிகளுக்கான சார்ஜர் உச்சத்தில் ஏறக்குறைய 44 வோல்ட் தரும். பழைய பேட்டரியைக் கழற்றிய இடத்தில் பத்து வரிசை லித்தியம் அடுக்கை வைத்து, வீட்டில் கிடந்த அதே சார்ஜரைச் செருகினால், ஒவ்வொரு வரிசைக்கும் 4.4 வோல்ட் செல்லும். இதைத் தடுத்து நிறுத்த வேண்டியது பி.எம்.எஸ். எனப்படும் மின்கல மேலாண்மைச் சுற்று. ஒவ்வொரு வரிசையின் அழுத்தத்தையும் தனித்தனியே கண்காணித்து எல்லை மீறினால் இணைப்பை அறுப்பது அதன் வேலை. செலவு மிச்சம் என்று அதைக் கைவிட்டவர்களுக்கும், தரமற்றதை நம்பியவர்களுக்கும் வேறு அரண் இல்லை.

இந்த நிலையில்தான் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகை வந்து சேர்ந்தது. அதன் வேரில் ஒரு தமிழரின் ஆய்வு இருப்பது பெருமையோடு பதிவு செய்யத்தக்கது. தென் தமிழகத்தின் அமரபுரத்தில் பிறந்து, மதுரையில் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் குட்இனஃபோடு இணைந்து, சல்பேட் போன்ற பல்லணு எதிரயனிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்கள் எதிர்பார்த்ததைவிட உயர்ந்த அழுத்தம் தருவதைக் கண்டறிந்தார். அந்த வழியில் சென்ற பாதி என்ற ஆய்வாளரும் குட்இனஃபும் 1997இல் இரும்பு பாஸ்பேட் நேர்மின்வாயை வெளியிட்டனர். 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவரும் மந்திரமே. பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால் இந்த வகைச் செல் சூட்டில் ஆக்சிஜனை எளிதில் விடுவதில்லை, அழுத்தம் 3.2 வோல்ட் மட்டுமே, ஆகவே அதே ஆற்றலுக்கு எடை கூடும். ஆனால் இரண்டாயிரம் முறைக்கு மேல் நிரப்பிக் காலியாக்கலாம். 32 மில்லிமீட்டர் விட்டமும் 6 ஆம்பியர்-மணியும் கொண்ட உருளைகள் இருபத்துநான்கை இரண்டிரண்டாகப் பன்னிரண்டு வரிசையில் அடுக்கினால், 38.4 வோல்ட், 460 வாட்-மணி பேட்டரி மூன்றரைக் கிலோ அளவில் உருவாகும். எண்ணூர் போய்வந்தாலும் மிச்சம் இருக்கும். பன்னிரண்டு வரிசையின் முழு மின்னேற்ற அளவு 43.8 வோல்ட், அதாவது அந்தப் பழைய ஈய-அமில சார்ஜரைத் தவறிச் செருகினாலும் மீறல் மிகச் சிறிதே. வெயிலும், தவறும், கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கும் கட்டாயமும் மிகுந்த ஒரு வட்டாரத்தில் கையால் கட்டும் பேட்டரிக்கு இதைவிடப் பொருத்தமான வகை இதுவரை வந்ததில்லை என்று துணிந்து கூறலாம்.

ஆயினும் வேதியியல் மன்னிப்பதைக் கடற்காற்று மன்னிப்பதில்லை. செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் முறையில், நொடியின் சிறு பங்கில் ஒட்டவேண்டும். சால்டரிங் கோலை நீண்ட நேரம் வைத்தால் செல்லின் உள்ளே பிரிப்பானாக இருக்கும் மெல்லிய நெகிழிப்படலம் சுருங்கும். நிக்கல் என்று விற்கப்படும் பட்டைகளில் ஒரு பகுதி நிக்கல் முலாம் பூசிய இரும்பே. அரத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டி உப்புநீரில் ஓரிரு நாள் போட்டு வைத்தால் துரு ஏறி உண்மை தெரிந்துவிடும். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் இந்தச் சோதனையைக் காற்றே தானாகச் செய்துவிடுகிறது. துருவேறிய இணைப்பில் மின்தடை கூடும், தடை கூடிய இடம் சூடாகும். உருளைகளின் நேர்முனையில் காப்புக் காகித வளையம் இடாமல் சுருங்குறை மட்டும் போர்த்திய அடுக்குகளில், கரடுமுரடான சாலையின் அதிர்வு மேலுறையைத் தேய்த்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கும். 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலைப் போல வெள்ளம் வீட்டுக்குள் புகும்போது, தரையில் வைத்து மின்னேற்றும் பழக்கம் எந்த வகைப் பேட்டரிக்கும் கேடே.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதற்கடுத்த சில நாள்களில் வடசென்னையின் மணலியை அடுத்த மஞ்சம்பாக்கத்தில் இன்னொரு ஸ்கூட்டர் சாலையோரத்தில் எரிந்தது. இவை ஆலையில் உருவான ஊர்திகள். இத்தகைய தீ விபத்துகளுக்குப் பிறகே, ஒரு செல்லில் பற்றும் தீ அண்டைச் செல்லுக்குப் பரவாமல் இருக்கும் சோதனை உட்பட, ஏ.ஐ.எஸ். 156 தரவிதி கடுமையாக்கப்பட்டு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. வீட்டில் கட்டப்படும் அடுக்கை எந்தச் சோதனைச்சாலையும் சோதிப்பதில்லை. ஆகவே, கட்டுபவர் தேர்ந்தெடுக்கும் மின்கல வகையே அவருக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

தேய்ந்த மின்கலம் எங்கே போகிறது என்ற கேள்வியில் ஈயத்துக்கும் இரும்பு பாஸ்பேட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு தலைகீழாகிறது. பழைய ஈய-அமில பேட்டரிக்குக் காயலான் கடையில் எடைக்குக் காசு உண்டு. புதியது வாங்கும்போது விலையில் கழிவும் உண்டு. அதனால் அது தெருவில் கிடப்பதில்லை. ஆனால் அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, தகடுகளைத் திறந்தவெளியில் உருக்கும் சிறு பட்டறைகளின் ஈயப்புகை, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும் நஞ்சு. 2001இன் மின்கல விதிகள் பழைய பேட்டரிகளை விற்பனையாளரே திரும்பப் பெற வேண்டும் என்று வகுத்ததற்கு இதுவே காரணம். இரும்பு பாஸ்பேட்டில் விலையுயர்ந்த கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. அதைத் தேடி வாங்கக் காயலான் கடைக்காரருக்குக் காரணமும் இல்லை. 2022 ஆகஸ்டில் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை மின்கலங்களையும் உட்படுத்தி, தேய்ந்தவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமையை உற்பத்தியாளர் மீது சுமத்தின. பெயர் அச்சிட்ட உறையை உரித்து, பல கைகள் மாறிய செல்களைச் சேர்த்து, ஒரு வீட்டு மேசையில் கட்டிய அடுக்குக்கு விதி தேடும் உற்பத்தியாளர் யாரென்று சுட்ட முடியாது. பத்தாண்டு உழைத்து ஓய்ந்த பிறகும் அதைச் சேகரிப்பு மையம் வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு, அதைக் கட்டியவரிடமே இருக்கிறது.